21 வயது ஆல்ட்டோவும் 10,000 ரூபாய்க் கட்டணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர் போன மாதம் தன் காரைப் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் 22,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். 2009-ல் வாங்கிய வேகன் ஆர். 70,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, பெயின்ட் மங்கியதைத் தவிர ஒரு குறையும் இல்லாத வண்டி. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "15 வருஷம் தாண்டின வண்டிய ஓட்டக் கூடாதுன்னு சட்டம் வந்துருச்சுங்க டீச்சர், பங்க்குல பெட்ரோலே போட மாட்டாங்களாமா, செல்போன்ல வந்துச்சு" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தச் செய்தி தமிழ்நாட்டுக்கு உரியதே அல்ல என்று யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் அந்த வண்டி இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் ஓடக் கூடாது என்பது தில்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதிக்கும் போட்ட தடை. அங்கே காற்று கெட்டுப்போயிருக்கும் நிலையைப் பார்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் தில்லி பங்க்குகளில் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு எரிபொருள் தரக் கூடாது என்று ஆரம்பித்தார்கள், மக்கள் எதிர்த்ததால் சில நாளிலேயே அதை நிறுத்தியும் வைத்தார்கள். அந்த ஜூலைச் செய்திதான் ஊர் பெயரை உதிர்த்துவிட்டு இன்னும் கைபேசிகளில் சுற்றுகிறது. நம் ஊரில் நடைமுறை வேறு. சொந்த உபயோகக் காரின் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 15 ஆண்டுக்குச் செல்லும். அது முடியும்போது வண்டியை எஃப்சி என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள், அதற்கப்புறமும் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 15 ஆண்டு ஆனால் உடைத்தே தீர வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் இருந்து அரசுத் துறைகளின் வண்டிகளுக்குத்தான் வந்தது. அப்படியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் தெருவோர இரும்புக் கடையில் கொடுக்காதீர்கள். அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி ஆர்சியை ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் காகிதத்தில் அந்த வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கும்.

இதையெல்லாம் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது என் காருக்காக. 2004 ஜூனில் வாங்கிய மாருதி ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ, அப்போது உடுமலைப்பேட்டை கோவை மாவட்டத்தில் இருந்தது. நான் கணக்கு டீச்சர், பள்ளிக்கூடம் மடத்துக்குளம் பக்கம், போக வர 35 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை பஸ்தான், பஸ்ஸை விட்டால் மொபெட். 44 வயதில் கார் ஓட்டப் பழகினேன். வருங்கால வைப்பு நிதியில் கொஞ்சம், ஆசிரியர் கூட்டுறவுச் சங்கக் கடன் கொஞ்சம் என்று சேர்த்து, வரியெல்லாம் கட்டி வண்டி வீட்டுக்கு வந்தபோது மூன்று லட்சத்துக்குச் சற்று உள்ளே ஆகியிருந்தது. பெட்ரோல் லிட்டர் 40 ரூபாய்க்குள் இருந்த காலம். சொந்தமாக ஒரு சாவி கையில் இருப்பது, அதுவும் எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்ணுக்கு, என்ன பொருள் தரும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வலித்த ராத்திரி, யாரையும் எழுப்பிக் கெஞ்சாமல் நானே பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். 2018-ல் ஓய்வு பெற்றேன். வண்டி ஓய்வு பெறவில்லை.

கணக்கு டீச்சர் என்பதால் முதல் நாளில் இருந்து நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். டேங்க்கை நிரப்பும் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எவ்வளவு பணம். இப்போது நாலாவது நோட்டு. ஓடியது 1,86,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், குடித்த பெட்ரோல் சுமார் 10,300 லிட்டர். மொத்தத்தில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் வருகிறது. ஊருக்குள் 16, பழனி ரோட்டில் 60-ல் ஒரே சீராகப் போனால் 20-ஐத் தொடும். 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின், முக்கால் டன்கூட எடை இல்லாத உடம்பு, அதனால்தான் இந்த மைலேஜ். இன்று ஒரே ஆள் உட்கார்ந்து காய்கறி வாங்கப் போகிற வண்டிகள் பல ஒரு டன்னுக்கு மேல் எடை. அந்த எடையை இழுக்கப் பெட்ரோல் எரியத்தானே செய்யும்.

பராமரிப்புச் செலவையும் சொல்கிறேன், பலர் கேட்பது இதைத்தான். டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ் நீங்கலாக 21 வருடத்தில் பட்டறைக்குக் கொடுத்தது இரண்டு லட்சத்து 40 ஆயிரம். வருடத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் ஆகிறது. புதுக் காருக்கு மாதத் தவணை கட்டுகிற வீடுகளில் இது ஒன்றிரண்டு மாதத்துத் தொகை. இன்ஷூரன்ஸ் மூன்றாம் நபர் காப்பீடும் எனக்கான விபத்துக் காப்பீடும் மட்டும்தான். 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி.

இன்ஜினைத் திறந்து வேலை செய்ததே இல்லை. ரகசியம் ஒன்றும் கிடையாது, மூன்று லிட்டருக்குள் பிடிக்கும் ஆயில், அதை 10,000 கிலோமீட்டரிலோ வருடத்துக்கு ஒரு முறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுவேன். ஓய்வு பெற்றதற்கப்புறம் ஓட்டம் குறைந்துவிட்டது, வருடம் 4,000 தாண்டுவதில்லை. ஆனாலும் ஆயில் மாற்றுவதை விடவில்லை, ஓடாத வண்டியிலும் ஆயில் கெடும். டைமிங் பெல்ட் ரப்பர். அது ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு என்று புத்தகத்தில் இருக்கும், 98,000-ல் ஒரு முறை மாற்றினேன், 2022-ல் கிலோமீட்டர் ஆகாமலே இன்னொரு முறை மாற்றினேன். கிளட்ச் பிளேட் இரண்டு முறை. ரேடியேட்டர் ஒரு முறை. முன் சக்கரத்து ஆர்ம் புஷ் என்ற ரப்பர் பாகம் எத்தனை முறை என்று நோட்டைத்தான் பார்க்க வேண்டும், நம் ரோடுகளின் குழிக்கு அது தாங்காது.

உண்மையில் பழைய சின்னக் காரைக் கொல்வது துரு. இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். 2017 மழைக்காலத்தில் ஓட்டுநர் பக்கம் கால் வைக்கும் இடத்தில் கம்பளம் ஈரமாகவே இருந்தது, கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று நினைத்துக் காயவைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு நாள் கம்பளத்தைப் பிரித்து ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார், தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. "இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதுங்க டீச்சர், நீங்க அடியில இருக்கற தகரத்தப் பாத்துக்கோங்க" என்றார். டிங்கர் வேலை நாலு நாள், புதுத் தகரம் வைத்து வெல்டிங், அதன் மேல் கறுப்புப் பூச்சு. அதில் இருந்து ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்னும் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் முழுக்கப் பார்க்கச் சொல்கிறேன். பழைய ஆல்ட்டோ, மாருதி 800, சான்ட்ரோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து இந்த வாரமே கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

குறையையும் மறைக்கக் கூடாது. என் காரில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. இதன் பிறகு வந்த ஆல்ட்டோ 800-க்கே 2014-ல் குளோபல் என்காப் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை, என்னுடையது அதற்கும் மூத்தது. அதனால் நான் நாலு வழிச் சாலையில் ராத்திரி ஓட்டுவதில்லை, 70-ஐத் தாண்டுவதில்லை, பின் இருக்கையில் உட்காருகிறவர் பெல்ட் போடாமல் வண்டியை எடுப்பதில்லை. பேரன் பேத்திகளைக் கோவைக்குக் கூட்டிப் போக வேண்டுமானால் மகனுடைய புதுக் காரில்தான். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மறையூர் ஏற்றத்தில் நாலு பேர் இருந்தால் ஏசியை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில்தான் ஏறும், அவசரப்படுகிறவர்களுக்கு ஒதுங்கி வழி விட வேண்டும். புகை விஷயத்திலும் அப்படித்தான். 2020-க்குப் பிறகு பிஎஸ்-6 என்ற புதுப் புகை விதிப்படி வந்த வண்டி கிலோமீட்டருக்கு விடும் நச்சு என் வண்டியைவிடக் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஓட்டுவது வருடம் 4,000 கிலோமீட்டர். அதற்காக இந்த வண்டியை உடைத்துவிட்டு, இரும்பு உருக்கி, ரப்பரும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் புதிதாகச் செய்து இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் காற்றுக்கு லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புகைச் சான்று எடுக்கிறேன், ஒரு முறைகூட வண்டி அதில் தவறியதில்லை.

சரி, இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன்.

2019-ல் முதல் முறை ஆர்சி புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள், 2024-ல் இரண்டாவது முறை அதைக் கட்டினேன். 2025 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியை மறுபடி திருத்தி, 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் என்று வைத்துவிட்டது. 2029-ல் நான் கட்டப்போவது அதுதான். ஓய்வூதியம் வாங்குகிற நான் கட்டிவிடுவேன். ஆனால் பத்தாயிரம் என்றால் கையைப் பிசைகிறவர்கள்தான் பழைய சின்னக் காரை வைத்திருப்பதில் பெரும்பாலானவர்கள். மாற்றுத்திறனாளி மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிற ஒரு தறிக்காரரை எனக்குத் தெரியும், 2003 மாடல் 800 வைத்திருக்கிறார். பஸ்ஸில் அந்தப் பெண்ணை ஏற்றி இறக்க முடியாது.

கட்டணத்தைவிட எனக்கு வருத்தம், அந்தப் பணத்துக்கு நடந்த பரிசோதனை. 2024-ல் காலை எட்டு மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன், எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினொன்றரைக்கு ஒருவர் வந்தார். சேசிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள், முகப்பு விளக்கையும் இண்டிகேட்டரையும் போட்டுக் காட்டச் சொன்னார்கள், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பின் பம்பரில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பற்றிக் கேட்டார்கள். பிரேக்கை யாரும் மிதித்துப் பார்க்கவில்லை. குனிந்து அடிப்பக்கம் பார்க்கவில்லை. 2017-ல் அப்பளமாக நொறுங்கிய அந்தத் தகரத்தோடு போயிருந்தாலும் பம்பருக்குப் பெயின்ட் அடித்திருந்தால் நான் தேறியிருப்பேன், இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதைக்கிறது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையனின் வண்டியில் பின் டயர் இரண்டும் மொட்டையாக இருந்தன. அதுவும் தேறியது.

வயதுக்குக் கட்டணம் கூட்டினால் வண்டி பத்திரமாகிவிடாது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். இங்கிலாந்தில் மூன்று வயது ஆன காரை ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குக் காட்டியாக வேண்டும், பிரேக்கை உருளையில் வைத்து அளக்கிறார்கள், அடியில் துரு பார்க்கிறார்கள், தவறியது எது என்று எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். வண்டிக்கு ஐந்து வயதா பதினைந்து வயதா என்று பார்த்துக் கட்டணம் மாறுவதில்லை. அப்படி ஒரு சோதனையை இங்கே வைக்கட்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வேண்டாம், வருடாவருடம் வைக்கட்டும், 1,000 ரூபாய் கேட்டாலும் முதல் ஆளாக நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். தவறினால் சரி செய்துகொண்டு வருகிறேன், சரி செய்ய முடியாது என்று சொன்னால் நானே உடைப்பு மையத்தில் விட்டுவிடுகிறேன். ஆனால் பார்க்காமலே, வயதை மட்டும் வைத்து, நன்றாகப் பேணியவருக்கும் கண்டுகொள்ளாமல் விட்டவருக்கும் ஒரே 10,000 என்பது நியாயமில்லை.

இன்னொன்று பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் என்ற எரிசாராயம் கலந்த இ20 பெட்ரோல்தான் இப்போது எல்லா பங்க்கிலும். 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னால் இழுத்து முடித்துவிட்டார்கள். கரும்பு விவசாயிக்கும் மக்காச்சோளம் போடுகிறவருக்கும் அதனால் வருமானம், கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், நான் எதிர்க்கவில்லை. எங்கள் உடுமலைச் சுற்று வட்டாரமே கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற பூமி. ஆனால் எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் இறங்கும், இ20-க்காகச் செய்யப்படாத வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. என் நோட்டில் கடைசி பத்து டேங்க்கை அதற்கு முந்தைய பத்தோடு ஒப்பிட்டால் 18.2-ல் இருந்து 17.2-க்கு வந்திருக்கிறது. இது ஒரே ஒரு வண்டியின் கணக்கு, அமைச்சகம் சொன்ன அளவோடு ஒத்துத்தான் வருகிறது. பெட்ரோல் குழாய் ஒன்றும் வெடிப்பு விட்டு மாற்றினேன், அது எத்தனாலால் வந்ததா 21 வயதால் வந்ததா என்று மெக்கானிக் அண்ணனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று அரசும் சொல்லியிருக்கிறது.

நான் கேட்பது இதுதான். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே பழைய வண்டிகளுக்காக 10 சதவீதம் மட்டும் எத்தனால் கலந்த இ10 பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்றும், மைலேஜ் குறைவதை ஈடுகட்ட எத்தனால் கலந்த பெட்ரோலின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் நடக்கவில்லை. லிட்டர் 100 ரூபாய்க்கு மேல்தான் போடுகிறோம், பங்க்கில் எனக்கு வேறு தேர்வும் இல்லை. தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது இ10 வைத்தால் போதும், 20 கிலோமீட்டர் போய்ப் போட்டுக்கொள்ள நாங்கள் தயார்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, ஆல்ட்டோ கே10 ஷோரூம் விலை நாலு லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறது. உதிரி பாகங்களுக்கும் 18 ஆக்கியிருக்கிறார்கள், பழைய வண்டிக்காரர்களுக்கு அது உண்மையான உதவி. பாகம் கிடைக்கிறதா என்று கேட்டால், ஆல்ட்டோவுக்கும் 800-க்கும் இன்றும் கிடைக்கிறது, எத்தனையோ லட்சம் வண்டிகள் ஓடிய மாடல்கள் அல்லவா. என் வண்டியில் தேட வேண்டியிருப்பது டயர் மட்டும்தான், 12 அங்குல டயரைக் கடைக்காரர்கள் அதிகம் இருப்பு வைப்பதில்லை.

வேகன் ஆரைக் கொடுத்துவிட்ட எங்கள் தெருக்காரர் இப்போது மகளைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் போகிறார். தை மாதம் பழனிக்கு அவர் குடும்பத்தையும் என் ஆல்ட்டோவிலேயே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் முன் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும், ஆறு வருடம் ஆகிவிட்டது, பொள்ளாச்சியில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
உடுமலைப்பேட்டை.